அசில்கானும் நெருப்பு தெரியாத பாய்லரும்

பாய்லரின் வயிற்றில் இருந்த சின்னக் கண்ணாடி வட்டத்தில் ஒரு கண்ணை வைத்து அசில்கான் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக் என்று பொறி தட்டியது. நீல நெருப்பு வரிசையாக எழும்பி நின்றது. அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஆறு வருவதற்குள் நெருப்பு பொசுக்கென்று அணைந்துவிட்டது. மறுபடி பொறி, மறுபடி நெருப்பு, மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவையோடு பாய்லர் அடம்பிடித்து நின்றுகொண்டது. முகப்பில் ஒரு சிவப்பு விளக்கும் ஓர் எண்ணும் வந்தன. கூட வந்த புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே இரண்டே வார்த்தை போட்டிருந்தது: நெருப்பு இல்லை.

"என்ன புள்ள சொல்லுது அது?" என்று உள்ளறையிலிருந்து மாமனார் கேட்டார்.

"நெருப்பு இல்லைங்குது, அத்தா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். நல்லா நீலமா எரியுது. அதுக்குத்தான் தெரியல."

"எனக்குந்தான் கண்ணு தெரியல. அதுக்காக நான் யாரையும் குளிர்ல போட்டேனா?"

சனவரி நடுவில், கென்புலாக் கிராமத்தில் மதியத்திலேயே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. மாமனார் சாதிர்பாய்க்கு எண்பத்திரண்டு வயது. ஆட்டுத்தோல் கோட்டு, கம்பளிக் காலணி, காது மூடும் தொப்பி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பகலில் எப்போது பாய்லர் நின்றது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தூங்கி எழுந்தேன், மூக்கு நுனி சில்லிட்டிருந்தது என்றார். அசில்கான் ஒரே ஒரு மின்சார ஹீட்டரைத் தேடி எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

அவளுக்கு நெருப்பு புதுசில்லை. பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில் பத்தொன்பது குளிர்காலமாகக் கரி அள்ளிப் போடுகிறவள். விடியற்காலை நாலு மணிக்கே போய் உலையைக் கிளப்பினால்தான் எட்டு மணிக்குப் பிள்ளைகள் கோட்டைக் கழற்றி உட்கார முடியும். அந்த வேலைக்கு அவள் கேட்டுப் போனபோது தலைமையாசிரியர் சிரித்தார். "இது ஆம்பளை வேலைம்மா" என்றார். அதற்கு முன்பிருந்த ஆம்பளை குடித்துவிட்டுத் தூங்கி, குழாயெல்லாம் உறைந்து வெடித்து, பள்ளிக்கூடத்துக்கே பத்து நாள் விடுமுறை விட்டிருந்த நேரம் அது. "ஒரு வாரம் பாருங்க. குளிர்ச்சுன்னா விரட்டுங்க" என்றாள் அசில்கான். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவளை யாரும் விரட்டவில்லை.

அவள் புருஷன் கூபத் லாரி ஓட்ட ரஷ்யாவுக்குப் போனவன். இரண்டாவது குளிர்காலத்தில், இங்கே எனக்கு வேறொரு குடும்பம் ஆகிவிட்டது என்று செய்தி அனுப்பினான். அந்த வாரமே அவன் அண்ணன் ஒரு வண்டியோடு வந்தான். அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவது, வீட்டை விற்பது, அசில்கான் பிறந்த வீட்டுக்குப் போவது என்று மூன்றையும் அவனே முடிவு செய்து வந்திருந்தான். அசில்கான் வாசல் கதவுக்குக் குறுக்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "ஏத்தறதுன்னா முதல்ல என்னை ஏத்துங்க. நான் கனம். நாலு பேர் வேணும்" என்றாள். உள்ளேயிருந்து கிழவர், "அவ இருக்கிற இடத்துலதான் எனக்குச் சோறு. உன் வீட்டு லக்மான் நூடுல்ஸ்ல உப்பே இருக்காது" என்று மூத்த மகனிடம் சொன்னார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது. பதினோரு வருஷமாக மாமனாரும் மருமகளும் அதே வீட்டில் இருக்கிறார்கள்.

கிழவருக்கு நெஞ்சில் சளி கட்டி, கரிப்புகை ஆகாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவள் வீட்டுக்கு எரிவாயு பாய்லர் வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் கரி அள்ளுகிறவள் வீட்டில் கரி இல்லை என்று ஊரே கேலி பேசியது. பழைய செங்கல் அடுப்பை அவளே சம்மட்டியால் உடைத்து வெளியே கொட்டினாள். பாய்லர் மாட்ட வந்த ஷர்ஷென் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "எஜே, ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கலாமே. இது நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். அந்தப் பக்கத்தில் மூத்த பெண்களை எல்லோரும் எஜே என்றுதான் அழைப்பார்கள். "நின்னா ஓட வைப்பேன்" என்று சொல்லியிருந்தாள் அசில்கான். பதினான்கு மாதம் அது ஒரு முறைகூட நிற்கவில்லை.

மறுநாள் காலை அவள் வேலை முடித்து வந்த நேரத்துக்கு ஷர்ஷென் வந்தான். நாற்பது வயசு, எப்போதும் அவசரம், காதில் போன் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாய்லர் சுவிட்ச்சைத் தட்டிவிட்டான். எண் வந்தது. கண்ணாடி வட்டத்தை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"போர்டு போச்சு. அதான் இதோட மூளை" என்றான்.

"நெருப்பு வருது, ஷர்ஷென். ஆறு எண்ணுற வரைக்கும் நிக்குது. நீ பாரு."

"வரட்டும், எஜே. அதைப் பாத்துச் சொல்றது போர்டுதான். அது சொல்லல. அப்ப போர்டு போச்சு. நாளைக்குக் கொண்டு வரேன்."

"வாரண்டி இருக்கே."

ஷர்ஷென் போனை இறக்கினான். "நீங்க எதையாச்சும் திறந்தீங்களா?"

"இல்ல."

"இல்லைன்னா எப்படிப் போகும்? நீங்க கரி உலை பழக்கத்துல எதையாவது திருகியிருப்பீங்க. இது கரி இல்ல, எஜே. வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்து பாத்துக்கணும்."

"உள்ள ஒருத்தர் இருக்கார். எண்பத்திரண்டு வயசு. கூப்பிடவா?"

அவன் ஒரு தாளில் எழுதி நீட்டினான். உபயோகிப்பவரின் தவறான கையாளலால் பழுது, வாரண்டி செல்லாது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அசில்கான் முழுசாகப் படித்தாள். பேனாவை வாங்கி மூடி போட்டு அவன் சட்டைப் பையில் திரும்பச் செருகினாள்.

"நான் செய்யாததுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

"போடலைன்னா வேலை நடக்காது."

"அப்ப நடக்க வேண்டாம்."

அவன் போன பிறகு உள்ளறையில் இருமல் கேட்டது. கொஞ்ச நேரம் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கையெழுத்துதானே, போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று தோன்றியது. கிழவர் இருமி முடித்துவிட்டு, "போயிட்டானா?" என்றார்.

"போயிட்டான்."

"நல்ல வேளை. வாசலைத் திறந்தே வச்சுப் பேசிட்டிருந்தான்."

அவள் எரிவாயு வால்வை அடைத்தாள். பாய்லரின் பிளக்கைப் பிடுங்கினாள். முன் மூடியின் இரண்டு திருகுகளைக் கழற்றினாள். எப்படியும் குற்றம் தன் மேல்தான் என்றால் திறந்தே பார்த்துவிடலாமே. புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டாள். ரஷ்ய மொழியில் பொடி எழுத்து. கண்ணாடி போட்டு விரல் வைத்துப் படித்தாள்.

விஷயம் அவ்வளவு சிக்கலாக இல்லை. நெருப்புக்குள் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு எரியும்போது அதன் வழியாக, கைக்குக்கூடத் தெரியாத அளவு சன்னமாக மின்சாரம் ஓடும். அப்படி ஓடினால் நெருப்பு இருக்கிறது என்று பாய்லர் நம்பும். ஓடாவிட்டால், எரியாத வாயு வீட்டுக்குள் நிரம்பிவிடுமே என்று பயந்து வால்வை மூடிவிடும். இந்தப் பயம் நல்ல பயம் என்று அசில்கானுக்குப் பட்டது.

கம்பியை உருவினாள். நுனியில் வெள்ளையாக லேசான படிவு. உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாள். அதைப் பிடித்திருந்த பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கீறல் இல்லை. ஒயரை நுனி முதல் நுனி வரை தடவினாள், எங்கும் அறுபடவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டி, மூடியைப் போட்டு, வால்வைத் திறந்தாள். சோப்பு நுரையை இணைப்பில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு ஓட விட்டாள். பொறி, நெருப்பு, ஆறு, அணைந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் கிழவர்.

"சொன்னதையே சொல்லுது."

"உன்ன மாதிரி."

புத்தகத்தில் பழுதுகள் பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. கரண்டு வருகிற பேஸும் அது திரும்பிப் போகிற நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் கருவி நெருப்பை உணராது. அவள் அதைத் தாண்டித்தான் போயிருந்தாள். பிளக்கைப் பதினான்கு மாதமாக யாரும் தொடவில்லையே, அது எப்படி மாறும்? ஆனாலும் வேறு வரி எதுவும் மிச்சமில்லை. எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பாயிண்ட்டைப் பார்த்தாள். இரண்டே துளை, பிளக் எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் ஏறும். இடது துளைக்கு மேலே சிவப்பாக ஒரு பொட்டு. மாட்டும்போது ஷர்ஷென் வைத்தது. பேஸ் இந்தப் பக்கம் என்பதற்கு அடையாளம்.

மேசை இழுப்பறையில் டெஸ்டர் இருந்தது. இடது துளையில் விட்டுக் கட்டைவிரலை அழுத்தினாள். எரியவில்லை. வலது துளையில் விட்டாள். பளிச்சென்று எரிந்தது.

நம்பாமல் மறுபடி இரண்டையும் பார்த்தாள். பிறகு உள்ளறைக்குப் போய் அங்கிருந்த பிளக் பாயிண்ட்டிலும் பார்க்கக் குனிந்தாள். அப்போது கிழவர் மேலே கையைக் காட்டினார்.

"அந்த பல்பு ஒழுங்கா அணைய மாட்டேங்குது. நேத்துலேருந்து. அணைச்சாலும் மினுக்மினுக்னு என்னைப் பாத்துட்டே இருக்கு. எவனோ செத்தவன் வந்து பாக்குறானோன்னு நினைச்சேன்."

அவள் திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினாள். சுவிட்ச் அணைந்திருந்தது. எல்ஈடி பல்பு சாம்பல் மூடிய தணல் மாதிரி மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. சுவிட்ச் எதை நிறுத்த வேண்டுமோ அதை நிறுத்தவில்லை. பேஸ் நேராக பல்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் மாறியது பாய்லரின் பிளக் இல்லை. வீட்டுக்கு வருகிற கரண்டே தலைகீழாக வருகிறது.

அவள் சமையலறைக்குத் திரும்பிப் போய் பாய்லரின் பிளக்கைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினாள். பொறி தட்டியது. நெருப்பு வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. இருபது வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்தினாள். தண்ணீர் குழாய்க்குள் நகரும் சத்தம் கேட்டது. கண்ணாடி வட்டத்தை விட்டு எழுந்திருக்கவே அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டு ஜெய்னப் ஒரு மூடி போட்ட கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். அவள் துங்கான் இனத்துக்காரி. எப்பேர்ப்பட்ட குளிரிலும் காரமான குளிர் நூடுல்ஸ் செய்து நாலு வீட்டுக்குக் கொடுப்பாள். பேச்சும் அதே காரம்.

"இங்க சூடா இருக்கே. உனக்குப் போர்டு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுக்கு போர்டு?"

"ஷர்ஷென் எங்க வீட்டுக்கு ஆர்டர் எடுத்துட்டுப் போனான். நேத்து மதியத்துலேருந்து நெருப்பு நிக்கல. அடுத்த வீட்டு எம்மாவுக்கும் எடுத்தான். முதல் வீட்டுக்கும், அந்தக் கடைசி வீட்டு வாத்தியாருக்கும். நான் என்னமோ திருகிட்டேனாம். கையெழுத்து வாங்கிட்டான். எங்க வீட்டுல அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூட எனக்குப் பயம், அதைப் போய்த் திருகுவேனா?"

அசில்கான் கிண்ணத்தை வாங்கி வைத்தாள். "ஜெய்னப், நேத்து மதியம் கரண்டு போச்சா?"

"ரெண்டு மணி நேரம் இல்ல. கால்வாய்க்குப் பக்கத்துல கம்பத்துல ஏறி ஒயர் மாத்தினாங்க."

"அந்தக் கம்பத்துலேருந்து யார் யாருக்கு கரண்டு வருது?"

"நம்ம பக்க வரிசைக்கு. எதிர் வரிசைக்கு வேற."

"எதிர் வரிசையில யாருக்காவது பாய்லர் நின்னுச்சா?"

ஜெய்னப் சன்னல் வழியாக எதிர் வரிசையை எட்டிப் பார்த்தாள். "அவங்க வீட்டுக்குள்ள சட்டையோட திரியறாங்க."

"ஒரு வரிசை பூரா ஒரே நாள்ல மூளை கெட்டுப் போகுமா?"

"சில வரிசை போகும். ஆனா நம்மளது இல்ல" என்றாள் ஜெய்னப்.

டெஸ்டரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அசில்கான் வரிசையில் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். தன் வீட்டோடு சேர்த்துப் பதினோரு வீடு. பழைய மாதிரி, மின்சாரமே இல்லாத பாய்லர் வைத்திருந்த நான்கு வீடுகளில் ஒரு குறையும் இல்லை. மீதி ஏழிலும் அதே சிவப்பு விளக்கு, அதே எண். ஆறு வீடுகளில் பிளக்கைத் திருப்பினாள். ஏழாவது வீட்டில் ஒயர் நேராகச் சுவருக்குள் போயிருந்தது. அதில் கை வைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்ணை இரண்டு பிள்ளைகளோடு பக்கத்து வீட்டில் இருக்கச் சொன்னாள். எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தாள். "சுவிட்ச்சை அணைச்சுட்டோம்னு நம்பி யாரும் பல்பைக் கழட்டாதீங்க. இப்ப அது கடிக்கும்."

பொழுது சாய்வதற்குள் ஆறு வீட்டுக் குழாய்களும் சூடேறின. அதோடு அவள் விட்டிருக்கலாம். எம்மாவின் புருஷன்கூட அப்படித்தான் சொன்னான். "வேலை முடிஞ்சது, எஜே. பிளக் திரும்பியே இருக்கட்டும். எதுக்கு கரண்டு ஆபீஸ்ல போய் வம்பு?"

"நாளைக்கு அவங்களா தப்பைக் கண்டுபிடிச்சு சொல்லாம மாத்திட்டுப் போவாங்க. மறுபடி எல்லாம் நிக்கும். மறுபடி நாம திருகினோம்பாங்க" என்றாள் அசில்கான். "எனக்கு அது எழுத்துல வேணும்."

வியாழக்கிழமை காலை ஷர்ஷெனின் வண்டி ஜெய்னப் வீட்டு வாசலில் வந்து நின்றது. கையில் நான்கு அட்டைப் பெட்டி. உள்ளே வந்தவன் குழாயில் கை வைத்துவிட்டுத் திகைத்து நின்றான். வரிசைப் பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அசில்கான் நடுவில் இருந்தாள்.

"யார் இதைத் தொட்டது? இது சட்ட விரோதம். கேஸ் ஆபீஸுக்குச் சொன்னா எல்லா வீட்டுக்கும் சீல் வைப்பான்" என்றான்.

"பிளக்கைத் திருப்பினேன். அது சட்ட விரோதமா?"

"போர்டு வாங்கிட்டேன், எஜே. மாட்டித்தான் ஆகணும்."

"நல்லா இருக்கிற மாட்டுக்கு வேற தலை வைப்பியா?" என்றாள் ஜெய்னப்.

அசில்கான் அவன் கையைப் பிடித்து பிளக் பாயிண்ட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். "இந்தச் சிவப்புப் பொட்டு யாரு வச்சது?"

"நான்தான்."

"எதுக்கு வச்ச?"

"பேஸ் பக்கம்."

அவள் டெஸ்டரை நீட்டினாள். அவன் வாங்கி இடது துளையில் விட்டான். எரியவில்லை. வலதில் விட்டான். அந்தச் சின்ன வெளிச்சத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு குனிந்தபடி இருந்தான். காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"நேத்து ஒரு நாள்ல பதினாலு வீடு பாத்தேன், எஜே. எல்லாரும் கத்தறாங்க" என்றான், யாரையும் பார்க்காமல். பிறகு நிமிர்ந்து, "ஆனா கரண்டு என் வேலை இல்ல."

"அதான் கரண்டு ஆபீஸுக்குப் போறோம். உன்கிட்ட வண்டி இருக்கு. ஏறிக்கறோம்."

"நானா? எனக்கு வேலை கிடக்கு."

"இவங்க கையெழுத்து போட்ட தாளெல்லாம் உன்கிட்டதானே கிடக்கு. அதையும் எடுத்துக்கோ."

வண்டி கிளம்பும்போது அசில்கான் வீட்டு வாசலில் சாதிர்பாய் முழு உடுப்போடு நின்றிருந்தார். வேண்டாம் அத்தா என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "ரெண்டு நாளா டிரஸ் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்பவாவது எங்கயாவது போறேனே" என்று முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

கரண்டு ஆபீஸில் பொறியாளர் தாயிர்பெக் ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். செவ்வாய், கால்வாய்க் கம்பம், திட்டமிட்ட வேலை முடிந்தது. கையெழுத்து இருக்கிறது.

"முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. சரியா முடிஞ்சதுன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள் அசில்கான்.

"எங்க ஆளுங்க இருபது வருஷ அனுபவம். பேஸையும் நியூட்ரலையும் மாத்த மாட்டாங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்துல இருக்கேன்."

"டீச்சரா?"

"உலையில கரி போடறேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "அக்கறைக்கு நன்றி. மனு எழுதிக் கொடுங்க. பதினாலு வேலை நாள்ல பதில் வரும்."

அந்தச் சிரிப்பை அசில்கான் பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே ஒரு மேசைக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள். குரலை உயர்த்தவில்லை. சுவரோரமாக இருந்த நாற்காலியை இழுத்து, அவர் மேசைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சார், அந்த வரிசையில யாராவது சுவிட்ச்சை அணைச்சுட்டு பல்பு மாத்தினா செத்துப் போவாங்க. பதினாலு நாள்ல எத்தனை பல்பு போகும்னு உங்க புஸ்தகத்துல இருக்கா? நான் டெஸ்டர் வச்சுப் பாத்தேன். நீங்க இங்கேருந்தே இல்லைங்கறீங்க. ஒரே ஒரு ஆளை மீட்டரோட அனுப்புங்க. நான் சொன்னது பொய்னா, இதே இடத்துல மன்னிப்பு கேக்கறேன். அனுப்பற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் ஜெய்னப் சன்னல் மேடையில் ஏறிக்கொண்டாள். சாதிர்பாய் நிதானமாகக் கம்பளிக் காலணிகளைக் கழற்றி, ஆபீஸின் சூட்டுக் குழாய் மேல் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்தார். கால்விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"பதினாலு நாள்தானே தம்பி. இருக்கலாம். இங்க நல்ல சூடு. டீ எங்க கிடைக்கும்?"

தாயிர்பெக் போனை எடுத்து வைத்தார், எடுத்து வைத்தார். காவலாளியைக் கூப்பிட்டார். வந்த காவலாளி சாதிர்பாயிடம் சலாம் சொல்லி நலம் விசாரித்துவிட்டு டீ எடுத்துவரப் போனான். அப்போது இவ்வளவு நேரமும் கதவோரமாக நின்றிருந்த ஷர்ஷென் தொண்டையைச் செருமினான்.

"சார், அந்தப் பொட்டு நான் வச்சது. பதினாலு மாசத்துக்கு முன்னாடி பேஸ் இடது பக்கம் இருந்துச்சு. இன்னிக்குக் காலையில வலது பக்கம். நானே பாத்தேன். எஜே சொல்றது சரி."

பொறியாளர் பதிவேட்டை மூடினார். பிறகு எழுந்து சன்னலைத் திறந்து முற்றத்தைப் பார்த்து, "வீத்யா!" என்று கத்தினார்.

லைன்மேன் வீத்யா நல்ல உயரம், ஐம்பது வயசு ரஷ்யன். கம்பத்தில் ஏறி, மீட்டரை வைத்துப் பார்த்து, ரொம்ப நேரம் மேலேயே இருந்தான். கீழே தெரு முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. இறங்கி வந்து கையுறையைக் கழற்றினான்.

"மாறித்தான் இருந்துச்சு. இப்ப சரி பண்ணிட்டேன். மாத்திப் போட்டது நான்தான். அன்னைக்குக் கை மரத்துப்போய் எது எதுன்னு தெரியல."

"மரத்துப்போனா இறங்கியிருக்கணும், வீத்யா" என்றாள் அசில்கான்.

"இறங்கியிருக்கணும்" என்றான் அவன்.

மேற்கொண்டு அவனைத் திட்ட அவளுக்குத் தோன்றவில்லை. ஜெய்னப்பிடம் சொல்லி ஒரு கோப்பை டீ கொடுக்கச் சொன்னாள். அதற்குள் பெண்கள் எல்லோரும் பிளக்குகளை மறுபடி பழையபடி திருப்ப வீட்டுக்கு ஓடினார்கள். சுவருக்குள் ஒயர் போயிருந்த ஏழாவது வீட்டில் பாய்லர் தானாகவே கிளம்பி ஓடிக்கொண்டிருந்தது.

தாயிர்பெக் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வந்த வரி இது: நுகர்வோர் கோரிக்கையின் பேரில் இணைப்பு சரிபார்க்கப்பட்டது. கீழே கையெழுத்து போடச் சொன்னார்.

"மாறியிருந்ததுன்னு இல்லையே" என்றாள்.

"அந்த மாதிரி எழுதற வழக்கம் இல்ல."

அவள் பேனாவை வாங்கினாள். அவருடைய வரிக்குக் கீழே, கரி படிந்த விரலால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரிய எழுத்தில் எழுதினாள்: செவ்வாய் முதல் வியாழன் வரை பேஸும் நியூட்ரலும் தலைகீழாக இருந்தன, ஏழு பாய்லர்கள் நின்றன. அதற்குக் கீழே கையெழுத்து. அவர் பறிப்பதற்கு முன்பே ஜெய்னப் போனில் படம் எடுத்துவிட்டாள்.

ஷர்ஷென் தாள்களைத் திருப்பிக் கொடுத்தான். அவன் போர்டு வாங்கிய கடை இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது, இரண்டை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டும் இன்னும் அவன் வண்டியில்தான் கிடக்கின்றன. அசில்கானிடம் அவன் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணாடி வட்டத்தில் எட்டிப் பார்க்கிறான் என்று பேச்சு. பொறியாளர் யாரிடமும் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்துக்கும் எரிவாயு வந்தது. கரி உலையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். புது பாய்லருக்குச் சான்றிதழ் பெற்ற ஆள்தான் வேண்டும் என்று புதுத் தலைமையாசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சான்றிதழ் எங்க குடுக்கறாங்க?" என்று கேட்டாள் அசில்கான். நகரத்தில், நாற்பது நாள் பயிற்சி. நாற்பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி வந்து நின்றதும் பெயர் எழுதிக்கொண்டவர், மகனைச் சேர்க்க வந்தீங்களா என்று கேட்டார். "எனக்கு மகன் இல்ல. என் பேரை எழுதுங்க" என்றாள். வாரத்துக்கு ஐந்து நாள் பஸ்ஸில் போய் வந்தாள். அந்த நாட்களில் கிழவருக்கு ஜெய்னப் சாப்பாடு கொடுத்தாள். குளிர் நூடுல்ஸைப் பற்றி அவர் தினமும் ஒரு குறை சொன்னார், தினமும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

பரீட்சை அறையில் பதினோரு ஆண்களும் அவளும். வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்: பாய்லர் பற்றிக்கொள்கிறது, ஆறு விநாடியில் அணைந்துவிடுகிறது, முதலில் என்ன செய்வீர்கள்?

"பக்கத்து வீட்டுல போய்க் கேப்பேன்" என்றாள் அசில்கான்.

தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்முனையை, அதாவது நெருப்புக்குள் நீட்டியிருக்கும் கம்பியை, சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய சரியான விடை. அவளுக்கு அந்தக் கேள்விக்குச் சுழியம். மற்றதெல்லாம் சரியாகச் சொல்லித் தேறிவிட்டாள். செப்டம்பர் முதல் அதே பள்ளிக்கூடத்தில் அதே சாவிக்கொத்தோடு வேலைக்குப் போகிறாள், ஆனால் ஆறு மணிக்குப் போனால் போதும்.

அந்தச் சுழியத்தை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு வீட்டு விவரத்தையும் எழுதி, பதிவேட்டின் படத்தையும் இணைத்து, மதிப்பெண்ணைத் திருத்தித் தரும்படி பயிற்சி நிலையத்துக்கு மனு போட்டாள். இயலாது என்று பதில் வந்தது. இரண்டாவது மனு போட்டாள். தேறியாகிவிட்டதே, இனி அதில் என்ன இருக்கிறது என்று சாதிர்பாய் கேட்டார்.

"சரியான பதில் சொன்னேன், அத்தா" என்றாள் அவள், மூன்றாவது மனுவுக்குத் தாளை எடுத்துக்கொண்டே.